பின்னால் வரும் வண்டிக்கு

உள்ளே போய் வர இரண்டு நிமிடம் ஆகியிருக்கும், மிஞ்சினால் மூன்று, அதுவும் அந்தப் பிளாஸ்டிக் கழிப்பறையின் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாமல் முழித்த நேரத்தையும் சேர்த்து. வெளியே வந்தால் என் சைக்கிள் மட்டும் மரத்தில் சாய்ந்து நிற்கிறது. அவரும் இல்லை, அவருடைய சைக்கிளும் இல்லை. "ஏனுங்க, இங்கயே நில்லுங்க, வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன், "செரி, போய்ட்டு வா" என்று சொல்லிவிட்டுத்தான் நின்றார், தலையில் வெள்ளை ஹெல்மெட், உடம்பில் மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்த சிவப்பு டீ சர்ட், காலில் ஈரோட்டில் வாங்கிய செருப்பு. கூப்பிட்டுப் பார்த்தேன். புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை, முப்பத்தாறு வருஷமாக ஏனுங்கதான், அந்த ஏனுங்கவை எவ்வளவு சத்தமாகச் சொன்னாலும் தொலைந்தவரைக் கூப்பிடுகிற மாதிரி இல்லை, காய்கறிக் கடையில் விலை கேட்கிற மாதிரிதான் இருக்கிறது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஆறு, நடுவில் இந்தப் பாதை. ஒரு காலத்தில் ரயில் ஓடிய தடமாம், தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டுப் பொடிக்கல் போட்டு நிரவி சைக்கிள்காரர்களுக்கு விட்டுவிட்டார்கள். நேற்று மாப்பிள்ளை போனில் வரைபடத்தைக் காட்டி வழி சொன்னபோது இவர் சிரித்தார். "ரோடுன்னா தொலையலாம் மாப்ள. லைன்ல யாரு தொலைவா? முன்னால போகோணும், இல்லாட்டி பின்னால போகோணும்." சரி, சொன்னீர்கள், இப்போது எந்தப் பக்கம் போனீர்கள், முன்னாலேயா பின்னாலேயா? முன்னால் என்றால் ஒன்பது கிலோமீட்டரில் பழைய ஸ்டேஷன், அங்கே சுகந்தியும் மாப்பிள்ளையும் காரோடு காத்திருக்கிறார்கள். பின்னால் என்றால் ஐந்து கிலோமீட்டரில் சைக்கிள் வாடகைக் கடை, அதைத் தாண்டினால் பெரிய ரோடு, ரோட்டில் லாரிகள். நாச்சிமுத்து, லோகோ பைலட், ஓய்வு, ரயில் கார்டு சொல்லாமல் பின்னால் வண்டி எடுக்காத மனுஷர். முன்னால்தான் போயிருப்பார். முன்னால்தான். அப்படி நினைத்துக்கொண்டுதான் மிதிக்கிறேன்.

போனை எடுத்துப் பார்த்தாயிற்று, டவர் இல்லை. இருந்திருந்தால் மட்டும் சுகந்தியைக் கூப்பிட்டிருப்பேனா? என்ன சொல்லிக் கூப்பிடுவது, உங்க அப்பாவைத் தொலைத்துவிட்டேன் கண்ணு என்றா? ஏழு மாசக்காரி. காலையில் காரில் ஏறும்முன் வயிற்றின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு என்னைத் தனியாக அழைத்துக் கேட்டாள், "ஏம்மா, அப்பா அவ்வளவு தூரம் ஓட்டிருவாரா? ஒரு மாதிரி இருக்காரு, நெறைய யோசிக்கிறாரு." நான் என்ன சொன்னேன்? "ஓட்டிருவாரு சாமி, ரயிலையே ஓட்டுனவரு, சைக்கிள ஓட்டமாட்டாரா" என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள். பொய்யை நகைச்சுவையில் தோய்த்துக் கொடுத்தால் யாரும் முகர்ந்து பார்ப்பதில்லை. அது நானாக எடுத்த முடிவும் இல்லை, அவர்தான் கையைப் பிடித்துக் கேட்டார், விமானம் ஏறுவதற்கு முந்தின நாள், பெட்டியில் பருப்புப்பொடியையும் சத்துமாவையும் நான் அடுக்கிக்கொண்டிருந்தபோது. "ருக்மணி, புள்ளைக்குப் பிரசவம் ஆகிற வரைக்கும் சொல்லாத. எனக்கே தெரியுது, என்னமோ சரியில்ல. திரும்பி வந்து டாக்டரப் பாக்கலாம். இப்பச் சொன்னா அவ தூங்க மாட்டா." பிரசவம் பார்க்க வந்தவர்கள் பிரசவத்துக்காரிக்கே பாரமாகிவிடக் கூடாது என்று அவருக்கு. எனக்கும்தான். சரி என்றேன். சத்தியம் என்று பண்ணவில்லை, ஆனால் சத்துமாவு டப்பாவின் மூடியை அழுத்தி மூடியபடி சரி என்றது சத்தியத்தைவிடக் கெட்டியாக ஒட்டிக்கொண்டது. இப்போது இந்த நாட்டில், பெயர் வாயில் நுழையாத ஒரு ஆற்றங்கரையில், அந்தச் சரியையும் சேர்த்துத்தான் மிதிக்கிறேன்.

ஆற்றின் பெயரில்தான் நேற்று எல்லாம் மறைந்தது. மூன்று நாள் கார்ப் பயணத்தில் நேற்று இரண்டாம் நாள், சாயங்காலம் இதே ஆற்றின் ஓரமாக நாலு பேரும் நடந்தோம், தண்ணீர் கூழாங்கல்லுக்கு மேலே சலசலத்துக்கொண்டு போனது, வெயில் எட்டு மணிவரை இறங்க மறுத்தது, நம்ம ஊர் வெயில் மாதிரி அடிக்கிற வெயில் இல்லை, தோளில் கைபோட்டுக்கொண்டு கூட வருகிற வெயில். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். மகளும் மாப்பிள்ளையும் பின்னால் வரும்போதே பிடித்தார், எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது, விடவும் மனசு வரவில்லை. "இது என்ன ஆறு?" என்று கேட்டார். மாப்பிள்ளை சொன்னார். நூறடி நடந்தோம். "இது என்ன ஆறு?" மாப்பிள்ளை மறுபடி சொன்னார். பாலத்துக்குக் கீழே வந்தபோது மூன்றாவது முறை கேட்டார், சுகந்தி திரும்பி என்னைப் பார்த்தாள், அதற்குள் மாப்பிள்ளை சிரித்துவிட்டு, "விடுங்க மாமா, அந்தப் பேரு எனக்கே வராது, நாலு வருசமா இங்க இருக்கேன்" என்றார். எல்லாரும் சிரித்தோம். அந்தச் செவ்விந்தியர் வைத்த பெயருக்கு நான் மனசுக்குள் கும்பிடு போட்டேன், இன்னும் நாலு எழுத்து நீளமாக இருந்தாலும் பரவாயில்லை என்று. ஆனால் ஈரோட்டில் அப்படி மறைக்க வாயில் நுழையாத ஆற்றுப் பெயர் இல்லை. மாசி மாசம் கறிவேப்பிலை வாங்கப் போனவர் மூன்று மணிநேரம் வரவில்லை, நானும் பக்கத்து வீட்டு மெக்கானிக்கும் தேடி, கடைசியில் ஜங்ஷன் மூன்றாம் பிளாட்பாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டூட்டிக்கு வந்தேன், வண்டி லேட்டு என்றார். பிறகு அவரே தலையை ஆட்டிச் சிரித்தார். மடியில் கறிவேப்பிலை இருந்தது, அதை மறக்கவில்லை. அன்றைக்கு அந்தக் கறிவேப்பிலையை வைத்துத்தான் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மணிச் சத்தம் கேட்கிறதா? கேட்டது போல இருந்தது, காற்றாக இருக்கும், இல்லை, கேட்கிறது, தூரத்தில், நீளமாக, விடாமல். அவர்தான். அது அவர்தான் என்பதற்கு என்ன சாட்சி என்றால், இந்த ஊர்க்காரர்கள் மணியை ஒரே ஒரு தட்டுத் தட்டுவார்கள், மன்னிப்புக் கேட்பதுபோல. இவர் அடிப்பது வேறு. ரயில் போன காலத்தில் நட்ட சின்னக் கல்தூண்கள் இன்னும் பாதையோரம் நிற்கின்றன, அதில் டபிள்யூ என்று ஒரே எழுத்து. காலையில் முதல் தூணைப் பார்த்ததும் இறங்கித் தொட்டுப் பார்த்தார், முகம் மலர்ந்துபோயிற்று. "ருக்மணி, விசில் போர்டு பாரு. நம்மூர்ல இருக்கற அதே டபிள்யூ. முன்னால கேட் வருது, ஊதுன்னு அர்த்தம்." தண்டவாளம் போய் எத்தனையோ வருஷம், கேட்டும் இல்லை, ரயிலும் இல்லை, ஆனாலும் ஒவ்வொரு தூணுக்கும் விடாமல் மணியடித்துக்கொண்டே வந்தார். எதிரே வந்தவர்களெல்லாம் பயந்து ஓரம் கட்டினார்கள். எனக்கு மானம் போயிற்று அப்போது. இப்போது அந்தச் சத்தத்துக்கு, அந்தத் தூணை நட்டவனுக்கு, அதைப் பிடுங்காமல் விட்டவனுக்கு, எல்லாருக்கும் நன்றி, நூறு தடவை நன்றி, இன்னும் கொஞ்சம் அடியுங்கள், நிறுத்தாதீர்கள். நின்றுவிட்டது. அடுத்த தூண் வரை பொறு மனமே. சிக்னலைக்கூட நாங்கள் இரண்டு பேராகத்தான் பார்ப்போம், ஸ்கூட்டரில். என்ஜினில் அப்படித்தான் வழக்கமாம், டிரைவர் சிக்னலைப் பார்த்து நிறத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், அசிஸ்டென்ட் தானும் பார்த்துவிட்டு அதையே திருப்பிச் சொல்ல வேண்டும், இரண்டு வாயும் ஒன்றைச் சொன்னால்தான் வண்டி. பன்னீர்செல்வம் பார்க் சிக்னலில் இவர் "கிரீன்" என்பார், பின்னால் உட்கார்ந்திருக்கும் நான் "கிரீன்" என்று சொல்லாவிட்டால் ஸ்கூட்டர் நகராது, பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்துத் திட்டுவான், இவர் கண்ணாடியில் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். முப்பத்தாறு வருஷம் திட்டிக்கொண்டே கிரீன் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு இரண்டு நிமிடம் நான் பின்னால் இல்லை.

"லெஃப்ட்!" என்று ஒரு குரல், மஞ்சள் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரம்மா, என்னைவிட மூத்தவள்தான், இடது பக்கமாக என்னைக் கடந்து போகிறாள். காலையில் இதே குரலுக்கு நான் சொல்பேச்சுக் கேட்கிற பிள்ளையாக இடது பக்கம் ஒதுங்கி, இரண்டு பேரும் முட்டிக்கொள்ளப் பார்த்தோம், கடைக்குத்தான் திரும்பிப் போனாள் போலிருக்கிறது, மறுபடி வருகிறாள். நிறுத்திச் சொல்லலாமா, முன்னால் சிவப்புச் சட்டை போட்ட ஒருவர் போனால் நிற்கச் சொல்லுங்கள் என்று? இங்கிலீஷ் வாக்கியத்தை எங்கே ஆரம்பிப்பது என்று யோசித்து முடிப்பதற்குள் தொப்பி வளைவில் மறைந்துவிட்டது. மிதி. முட்டி வலிக்கவில்லை, அதற்கும் நன்றி, ரயில் ஏறுகிற ஏற்றம்தான் நமக்கும், மூச்சு வாங்காது என்று காலையில் சொன்னாரே, உண்மைதான், பாரம் இழுக்கிற என்ஜினுக்காக மலையைச் சரித்து வழி பண்ணியவர்கள் அறுபத்திரண்டு வயசுக்காரியின் முட்டியையும் சேர்த்து நினைத்திருக்கிறார்கள். வழியில் கரடி படம் போட்ட போர்டு. கரடி வந்தால் வரட்டும், என்னிடம் எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது, எலுமிச்சை சாதம் இரண்டு டப்பா. எனக்குப் பயம் கரடியில்லை, இடது பக்கம் இருக்கும் இந்த ஆறுதான். பாதைக்கும் ஆற்றுக்கும் நடுவில் சில இடங்களில் ஒரு கம்பிகூட இல்லை. அப்படியெல்லாம் ஆகாது. அப்படித்தான் அந்தக் காலத்திலும் சொல்லிக்கொள்வேன், காளிங்கராயன் வாய்க்காலில் துணி அலசும்போது தூரத்தில் ரயில் போனால் கையில் சோப்போடு நின்று கேட்பேன், அவர் வண்டியா இல்லையா என்று, ஹாரனை இழுக்கிற இழுப்பிலேயே தெரிந்துவிடும், கூட அலசுகிறவர்கள் கேலி பண்ணுவார்கள், ருக்மணிக்கு ரயில் லெட்டர் போடுது என்று. ஒரே ஒரு தடவை யாரோ ஒருவர் இவர் வண்டிக்குக் குறுக்கே வந்து விழுந்துவிட்டார், சங்ககிரி தாண்டி. அன்று வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டு சாப்பிடாமல் படுத்தவர், "விசில் குடுத்தேன் ருக்மணி, நல்லா நீளமாக் குடுத்தேன்" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு ஹாரன் எப்போதும் கொஞ்சம் கூடுதல் நீளம். அத்தனை ஆயிரம் தடவை போய் அத்தனை ஆயிரம் தடவையும் வீட்டுக்கு வந்தார். தீபாவளிக்கு வரவில்லை, சுகந்தி பிறந்தபோது ஜோலார்பேட்டையில் இருந்தார், ஆனால் வந்தார். வராமலே போன தடவை ஒன்றுகூட இல்லை என்பதை நான் எப்போதாவது நின்று நினைத்திருக்கிறேனா, யாருக்காவது நன்றி சொல்லியிருக்கிறேனா, குழம்பு ஆறிப்போச்சு என்றுதானே சொல்லியிருக்கிறேன். சாமி, பண்ணாரி ஆத்தா, இன்னும் ஒரு தடவை. குழம்பு எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் சுட வைக்கிறேன். தூண் ஒன்று வந்துவிட்டது, டபிள்யூ, நான் கடக்கிறேன், முன்னால் மணிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. இன்னொரு தூண். கேட்கவில்லை. வாயைத் திறந்து கத்தினேன், "நாச்சிமுத்து!" என் காதிலேயே அது வேறு யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்தது, மலை ஒரு தடவை திருப்பிச் சொன்னது. முப்பத்தாறு வருஷத்தில் முதல் தடவை. ஈரோட்டில் கேட்டிருந்தால் அத்தை எழுந்து வந்து அடித்திருப்பாள்.

வளைவு திரும்பியதும் பாலம், பழைய இரும்புப் பாலம், ஆற்றின் குறுக்கே நீளமாக, அதன் நடுவில் கம்பியில் சிவப்பாக ஏதோ கட்டியிருக்கிறது, காற்றில் ஆடுகிறது. சட்டை. வெறும் சட்டை. சைக்கிள் கீழே படுத்திருக்கிறது. நான் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்று தெரியாது, பிரேக் பிடித்தேனா தெரியாது, கீழே தண்ணீரைத்தான் முதலில் பார்த்தேன், தண்ணீரில் யாரும் இல்லை, பிறகுதான் பலகையில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தேன். பனியனோடு, தலையில் ஹெல்மெட்டோடு, சம்மணம் போட்டு, கையில் யாருடையதோ தண்ணீர் பாட்டில். பக்கத்தில் மஞ்சள் தொப்பி அம்மா குந்தியிருக்கிறாள். என்னைக் கண்டதும் எழுந்து, "ஹஸ்பண்ட்?" என்றாள். தலையாட்டினேன். அவள் என் முழங்கையை ஒரு தடவை அழுத்திவிட்டு, பாட்டிலை அவரிடமே விட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள், பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை நான். "என்னுங்க இது, சட்டையக் கழட்டிப்போட்டு" என்று ஆரம்பித்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். நிதானமான, டூட்டி முடித்து வந்த முகம். "வந்துட்டயா. உக்காரு. நீ உள்ள போனயா, ஒருத்தன் மணியடிச்சுட்டு அந்தப் பக்கம் போனான். நானும் கெளம்பிட்டேன். எதுக்குக் கெளம்புனேன்னு கேட்டீன்னா தெரீல. இந்தப் பாலத்துல ஏறுனப்பத்தான் நெனப்பு வந்துது, கூட ஆளு வந்துதேன்னு. திரும்பிப் போலாம்னு எறங்கி, இந்தத் தண்ணியப் பாத்துட்டே ஒரு சுத்து சுத்திட்டேன். அப்பறம் எந்தப் பக்கமிருந்து வந்தேன்னே தெரீல ருக்மணி. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி மரம்." அவர் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகிப் பார்த்தார். "நடுவழில வண்டி நின்னுபோனா என்ன பண்ணோணும்? பின்னால வர்ற வண்டிக்குச் செவப்புக் காட்டோணும். எது பின்னாலன்னுதான் தெரீல. கொடியும் ஒண்ணுதான் இருந்துது. அதான் நடுப்பாலத்துல கட்டுனேன். எந்தப் பக்கமிருந்து நீ வந்தாலும் தெரியுமல்ல."

தெரிந்தது என்றேன். எவ்வளவு தூரத்திலிருந்து என்று கேட்டார். வளைவிலிருந்தே என்றேன். "நல்ல தூரம்தான்" என்று திருப்தியாகத் தலையாட்டினார். அதற்குமேல் என்னால் அழாமல் இருக்க முடியவில்லை, அழுதேன், பாலத்தின் பலகையில் உட்கார்ந்து, எலுமிச்சை சாதம் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, பயத்தில் இல்லை, அது அவரைப் பார்த்ததுமே தீர்ந்துவிட்டது. ஆற்றின் பெயர் போயிற்று, வந்த திசை போயிற்று, நாளைக்கு இன்னும் என்னென்னவோ போகும், எல்லாம் போன இடத்தில் நான் பின்னால் வருவேன் என்பது மட்டும் இந்த மனுஷருக்குப் போகவில்லை. அதற்கு யாருக்கு நன்றி சொல்வது? ரயில்வேக்கா? சாதத்தைப் பிரித்துக் கொடுத்தேன், உப்புக் கொஞ்சம் தூக்கல் என்றார், சாப்பிட்டார். சட்டையை அவிழ்த்து மாட்டிவிட்டேன். சைக்கிளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, "நீ முன்னால போ. நான் அசிஸ்டென்ட்டு. நீ சொல்லு, நான் திருப்பிச் சொல்றேன். என் சத்தம் வந்துட்டே இருந்தா வண்டி வருதுன்னு அர்த்தம்" என்றார். அவராகவே யோசித்திருக்கிறார், உட்கார்ந்திருந்த நேரத்தில்.

முன்னால் போகிறேன். திரும்பிப் பார்க்கத் தெரியாது எனக்கு, திரும்பினால் விழுந்துவிடுவேன், ஆகவே கண்ணில் பட்டதையெல்லாம் சொல்லிக்கொண்டே போகிறேன். பாலம் முடியுது. "பாலம் முடியுது." தூண் வருது, மணியடிங்க. "தூண் வருது." நீளமாக மணி, இப்போது மானம் போகவில்லை, நானும் சேர்ந்து அடித்தேன். வலது பக்கம் குடும்பம் ஒண்ணு, நாயோட. "நாயோட." மர நிழல். "நிழல்." பள்ளம். "பள்ளம், பாத்துப் போ." எட்டுக் கிலோமீட்டரா ஏழா, அவ்வளவு தூரமும் என் முதுகுக்குப் பின்னால் அந்தக் குரல் வந்துகொண்டே இருந்தது, ஒரு தடவை கொஞ்சம் தாமதித்து, ஒரு தடவை இருமலோடு, ஆனால் வந்தது, வெயில் முதுகில் விழுந்தது, ஆறு கூடவே வந்தது, அதன் பெயரை நானும் மறந்துவிட்டிருந்தேன், கேட்டால் எனக்கும் சொல்லத் தெரியாது. மரங்கள் விலகின. பழைய ஸ்டேஷனின் ஓட்டுக்கூரை தெரிந்தது, பக்கத்தில் நம் கார். ஸ்டேஷன், என்றேன். "ஸ்டேஷன்." அப்புறம் அவளைப் பார்த்தேன், அதைச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது, மாசி மாசம் ஒரு நாள் அவளுடைய போட்டோவைப் பார்த்து இவர் தன் தங்கச்சி பெயரைச் சொன்னது ஞாபகம் வந்தது, சொல்லாமலே இறங்கிவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன், பிறகு சொன்னேன். சுகந்தி நிக்கறா. பின்னால் சத்தம் இல்லை. பொடிக்கல்லில் டயர் உரசுவது மட்டும் கேட்டது. மிதிக்க மறந்து சைக்கிள் தானாக உருண்டது. "சுகந்தி நிக்கறா" என்றார் அவர். "ரெண்டு கையும் இடுப்புல வெச்சுட்டு நிக்கறா பாரு, காலு வலிக்குதாட்ட இருக்குது அம்மிணிக்கு, ஒரு சேர் எடுத்துப் போடலாமல்ல மாப்ள." சிரித்தேன். கண் மறைத்தது, தடம் நேராக இருந்ததால் விழவில்லை. சைக்கிள் என் பக்கத்தில் வந்து சேர்ந்தது, அவர் குரல் தணிந்தது. "ருக்மணி, இன்னிக்கே சொல்லீரலாம் அவகிட்ட. நீயே சொல்லு. நான் பக்கத்துல நிக்கறேன்." பக்கத்துல நிக்கறீங்க, என்று திருப்பிச் சொன்னேன்.